கேரளப் பள்ளிகளும் கட்டற்ற மென்பொருளும்: ஒரு தேர்வின் வரலாறு

இந்தியாவில் மென்பொருள் குறித்த கொள்கை விவாதங்கள் பெரும்பாலும் அமைச்சகக் கூட்டங்களிலும் தொழில் அமைப்புகளின் மாநாடுகளிலும் நடந்து முடிந்தவை. பொதுமக்கள் அவற்றை அறிந்தது குறைவு. அவற்றில் பங்கேற்றது அதனினும் குறைவு. இதற்கு மாறாக, பள்ளிப் பாடநூலை முன்னிட்டு ஒரு மாநிலத்தின் ஆசிரியர்கள் எழுப்பிய மென்பொருள் விவாதம் ஒன்று உண்டு. 2000-களின் தொடக்கத்தில் கேரளத்தின் உயர்நிலைப் பள்ளிகளில் தகவல் தொழில்நுட்பம் ஒரு பாடமாக நுழைந்தபோது, மாணவர் கற்க வேண்டியது கணினியையா, ஒரு நிறுவனத்தின் விற்பனைப் பொருளையா என்ற கேள்வி எழுந்தது. அக்கேள்விக்கு அம்மாநிலம் கண்ட விடையின் விளைவாக, பத்தாண்டு முடிவதற்குள் அதன் அரசு உயர்நிலைப் பள்ளிகளும் அரசு உதவிபெறும் உயர்நிலைப் பள்ளிகளும் லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறின.

இம்மாற்றம் இன்று பெரும்பாலும் ஒரு சிக்கனக் கதையாகவே நினைவுகூரப்படுகிறது. உரிமக் கட்டணம் இல்லாத மென்பொருளைத் தேர்ந்ததால் அரசுக்குப் பணம் மிச்சமாயிற்று என்பதே அக்கதையின் சுருக்கம். அது பொய்யன்று, ஆயின் நடந்ததன் காரணத்தை அது விளக்கவில்லை. கட்டணமில்லா மென்பொருள் இந்தியாவின் எல்லா மாநிலங்களுக்கும் கட்டணமின்றியே கிடைத்தது. அவற்றுள் கேரளம் அதனைப் பொதுக்கல்வியின் அடித்தளமாக இவ்வளவு முழுமையாக ஆக்கிக்கொண்டது எவ்வாறு என்பதுதான் வரலாற்று மாணவர் கேட்க வேண்டிய கேள்வி.

1. எதிர்ப்பும் ஏற்பும்

1980-களில் கேரளத்தின் இடதுசாரித் தொழிற்சங்கங்களும் இளைஞர் அமைப்புகளும் கணினிமயமாக்கலை எதிர்த்துப் போராடின. வங்கிகளிலும் காப்பீட்டு நிறுவனங்களிலும் அரசு அலுவலகங்களிலும் எழுத்தர் வேலைகள் பறிபோகும் என்ற அச்சமே அதற்குக் காரணம். பிற்காலத்தில் இப்போராட்டம் பிற்போக்குக்கு எடுத்துக்காட்டாகக் கேலி செய்யப்பட்டது. ஆயினும் அதே இடதுசாரி முன்னணியின் ஆட்சி, ஈ.கே.நாயனார் முதலமைச்சராக இருந்த 1990-இல், திருவனந்தபுரத்தில் டெக்னோபார்க்கை நிறுவியது. இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா அதுவே.

இவ்விரு நிலைப்பாடுகளையும் முரண்பாடு என்று மட்டும் கொள்வது போதாது. இயந்திரத்தால் பயன்பெறுவோர் யார், இழப்போர் யார் என்ற கேள்வி 1980-களின் போராட்டத்தில் இருந்தது. கணினியைத் தவிர்க்க இயலாது என்றான பின்னரும் அக்கேள்வி மறையவில்லை. அந்த இயந்திரத்தை இயக்கும் நிரல் யாருடைய உடைமை என்ற வடிவில் அது மீண்டும் தலைகாட்டியது. கட்டற்ற மென்பொருள் இயக்கம் கேரளத்துக்கு வந்து சேர்ந்தபோது அதற்குக் காதுகொடுக்கும் ஓர் அரசியல் சூழல் ஏற்கெனவே அங்கு உருவாகியிருந்தது.

அச்சூழலின் மற்றொரு கூறு கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத். 1962-இல் தொடங்கப்பெற்ற இந்த மக்கள் அறிவியல் அமைப்பில் பள்ளி, கல்லூரி ஆசிரியர்களே பெருந்தொகையினர். அறிவியல் நூல்களை மலையாளத்தில் வெளியிடுவதும் ஊர்தோறும் வகுப்பு நடத்துவதும் அதன் அன்றாடப் பணிகளாக இருந்தன. 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டதிலும், 1991 ஏப்ரலில் மாநிலம் முழுவதும் அவ்வாறு அறிவிக்கப்பட்டதிலும் அதன் தொண்டர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. அறிவு என்பது விலைக்கு வாங்கும் சரக்கன்று, பொதுவில் வைத்துப் பகிரத்தக்கது என்ற எண்ணம் மென்பொருளைப் பற்றிய பேச்சு எழுவதற்கு முன்பே இந்த ஆசிரியர்களிடையே வேரூன்றியிருந்தது.

2. ஒரே ஆண்டில் இரு தொடக்கங்கள்

2001-ஆம் ஆண்டு இரண்டு காரணங்களால் இவ்வரலாற்றில் முக்கியமானது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் முன்னாள் தலைவர் யு.ஆர்.ராவ் தலைமையிலான பணிக்குழுவின் பரிந்துரைகளை அடியொற்றி, கேரளப் பொதுக்கல்வித் துறையின் கீழ் ஐ.டி. அட் ஸ்கூல் என்னும் திட்டம் அவ்வாண்டில் உருவாயிற்று. பள்ளிகளில் கணினிக் கூடங்களை அமைப்பதும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிப்பதும் அதன் பணிகள். அதே ஆண்டு ஜூலை 20 அன்று, இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. தொடங்கி வைத்தவர், 1983-இல் குனு திட்டத்தை அறிவித்து அவ்வியக்கத்துக்கு வித்திட்ட ரிச்சர்ட் ஸ்டால்மன்.

இவ்விடத்தில் சொற்கள் குறித்த ஒரு விளக்கம் தேவை. ஒரு நிரலை எந்நோக்கத்துக்கும் இயக்குதல், அதன் மூல நிரலைப் படித்து மாற்றுதல், படியெடுத்துப் பிறருக்கு அளித்தல், மாற்றிய வடிவத்தையும் பகிர்தல் ஆகிய நான்கு உரிமைகளையும் பயனருக்கு வழங்குவதே கட்டற்ற மென்பொருள். 1998-இல் அமெரிக்காவில் தோன்றிய திறமூல மென்பொருள் என்ற வழக்கு ஏறக்குறைய அதே மென்பொருள்களையே சுட்டினும், உரிமையைக் காட்டிலும் தரத்தையும் உருவாக்க முறையின் திறனையும் முன்னிறுத்தியது. நிறுவனங்களுக்கு உவப்பானதும் அதுவே.

ஆங்கிலத்தில் இலவசம், சுதந்திரம் ஆகிய இரண்டுக்கும் ஒரே சொல் வழங்குவதால் இவ்வியக்கத்தின் பெயர் தொடர்ந்து தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது. மலையாளத்தில் இக்குழப்பம் எழவே இல்லை. அங்கு இம்மென்பொருள் ‘ஸ்வதந்த்ர’ என்ற அடைமொழியுடனேயே வழங்கலாயிற்று. விடுதலைப் போராட்டம் தொட்டு அரசியல் பொருள் சுமந்த அச்சொல்லைக் கேட்டவர்க்கு விலை பற்றிய எண்ணம் முதலில் தோன்றுவதில்லை. தமிழில் நிலைபெற்ற ‘கட்டற்ற’ என்ற அடைமொழிக்கும் இத்தகைய நன்மை உண்டு. ஓர் இயக்கம் ஒரு நிலத்தில் எவ்வாறு வேர்கொள்கிறது என்பதில் மொழிபெயர்ப்புக்கும் பங்குண்டு என்பதை இது காட்டுகிறது.

3. பாடநூல் சர்ச்சை

தகவல் தொழில்நுட்பம் முதலில் எட்டாம் வகுப்பிலும் பின்னர் படிப்படியாகப் பத்தாம் வகுப்பு வரையிலும் கட்டாயப் பாடமானது. தொடக்கத்தில் பாடமும் ஆசிரியர் பயிற்சியும் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் இயங்குதளத்தையும் அலுவலகச் செயலிகளையும் மையமாகக் கொண்டு அமைந்தன. அன்றைய நடைமுறையில் இது இயல்பானதாகவே கருதப்பட்டது. கணினி கற்றல் என்றாலே அச்செயலிகளைக் கற்றல் என்ற பொருள்தான் தனியார் பயிற்சி நிலையங்களில் வழங்கியது.

ஆசிரியர் சங்கங்களும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் இதனை எதிர்த்தனர். அவர்தம் வாதத்தில் மூன்று இழைகளைப் பிரித்தறியலாம். முதலாவது கல்வியியல் சார்ந்தது. குறிப்பிட்ட நிறுவனத்தின் செயலியில் எந்தப் பட்டியலைத் திறந்து எந்தப் பொத்தானை அழுத்துவது என்று கற்பிப்பது, அடுத்த பதிப்பு வெளிவரும்போது பயனற்றுப் போகும். சொற்செயலி, விரிதாள், தரவு ஆகியவற்றின் கருத்தைக் கற்பிப்பதே நிலைக்கும். இரண்டாவது பொதுப்பணம் சார்ந்தது. அரசின் பாடத்திட்டம் ஒரு தனியார் பொருளைக் கட்டாயமாக்கினால், லட்சக்கணக்கான மாணவர்கள் அதன் எதிர்கால வாடிக்கையாளராக்கப்படுகின்றனர். அதற்கான பயிற்சிச் செலவையும் அரசே ஏற்கிறது. மூன்றாவது ஒழுக்கம் சார்ந்தது. பள்ளியில் கற்ற செயலியை வீட்டில் பயன்படுத்த விரும்பும் மாணவன் ஒன்று அதை விலைகொடுத்து வாங்க வேண்டும், அன்றேல் திருட்டுப் படியை நாட வேண்டும். வகுப்பறையில் நண்பனோடு பகிர்வது நற்பண்பு என்று கற்பிக்கும் ஆசிரியரே மென்பொருளைப் பகிர்வது குற்றம் என்றும் சொல்ல நேர்கிறது.

இச்சர்ச்சைக்கு ஓர் இந்தியப் பின்னணியும் இருந்தது. 2002 நவம்பரில் பில் கேட்ஸ் இந்தியாவுக்கு வந்தபோது, மூன்றாண்டுகளில் 40 கோடி டாலர் முதலீடு செய்வதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கணினிப் பயிற்சி அளிக்கும் திட்டமும் அதன் பகுதியாக இருந்தது. அப்பயணத்தில் கேட்ஸைச் சந்தித்த குடியரசுத் தலைவர் ஏ.பி.ஜே.அப்துல் கலாம், 2003 மே 28 அன்று புனேயில் ஒரு தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தை நாட்டுக்கு அர்ப்பணித்துப் பேசுகையில் அச்சந்திப்பைக் குறிப்பிட்டார். மென்பொருள் பாதுகாப்பு குறித்த உரையாடலில் இருவர் கருத்தும் வேறுபட்டதென்றும், நூறு கோடி மக்களைக் கொண்ட நாட்டுக்குத் திறமூல மென்பொருளே ஏற்றதென்றும் அவர் கூறியது பரவலாகப் பேசப்பட்டது. 2004 டிசம்பரில் பிறப்பிக்கப்பட்ட காப்புரிமை அவசரச் சட்டம் மென்பொருள் காப்புரிமைக்கு வழி திறக்க முயன்றது. இடதுசாரிக் கட்சிகளின் வற்புறுத்தலால் 2005-இல் நிறைவேறிய திருத்தச் சட்டத்தில் அப்பகுதி இடம்பெறவில்லை. மென்பொருள் உடைமை என்பது நாடாளுமன்ற அரசியலின் பொருளாகவே மாறியிருந்த காலம் அது.

எதிர்ப்பின் உடனடி விளைவு ஒரு சமரசம். லினக்ஸும் பாடத்திட்டத்தில் இடம்பெற்றது. பள்ளிகள் இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யலாம் என்ற நிலை ஏற்பட்டது. தெரிவுரிமை என்ற அளவில் இது நடுநிலையாகத் தோன்றும். ஆயின் பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லாத பள்ளிக்குத் தெரிவு என்பது ஏட்டளவில் மட்டுமே இருக்கும். இதனை உணர்ந்ததால்தான், அடுத்த கட்டத்தில் முழு உழைப்பும் ஆசிரியர் பயிற்சியை நோக்கித் திரும்பியது.

4. ஆசிரியரும் தேர்வும்

2006 மே மாதம் வி.எஸ்.அச்சுதானந்தன் தலைமையில் இடதுசாரி அரசு பொறுப்பேற்றது, எம்.ஏ.பேபி கல்வி அமைச்சரானார். அவ்வாண்டு ஆகஸ்டில் ஸ்டால்மன் மீண்டும் கேரளம் வந்து இருவரையும் சந்தித்தார். ‘கேரளம் மைக்ரோசாஃப்டை வெளியேற்றுகிறது’ என்ற தொனியில் செய்திகள் வெளிவந்தது அப்போதுதான். 2007-ஆம் ஆண்டின் மாநிலத் தகவல் தொழில்நுட்பக் கொள்கை கட்டற்ற மென்பொருளை அரசின் விருப்பத் தேர்வாக அறிவித்தது. 2008-ஆம் ஆண்டளவில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் தகவல் தொழில்நுட்பச் செய்முறை முழுவதும் லினக்ஸிலேயே நடைபெறலாயிற்று.

தமிழில் ‘தேர்வு’ என்ற சொல் தெரிவையும் குறிக்கும், பரீட்சையையும் குறிக்கும். கேரளத்தில் முன்னது நிலைபெற்றது பின்னதன் வழியாகவே. இந்தியப் பள்ளிகளில் பாடத்திட்டம் சொல்வதைக் காட்டிலும் பொதுத்தேர்வு கேட்பதே கற்பிக்கப்படுகிறது. அரசாணை ஒன்று அலமாரியில் உறங்கலாம். பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வு உறங்காது. மாநிலம் முழுவதும் ஒரே நாள்களில் ஆயிரக்கணக்கான கணினிகளில் அத்தேர்வு நடக்க வேண்டுமெனில், ஒவ்வொரு கூடத்திலும் லினக்ஸ் இயங்கியே ஆக வேண்டும். பழுதானால் அன்றே சரிசெய்யப்பட வேண்டும்.

அதைச் சரிசெய்தவர்கள் யார் என்பதில்தான் இத்திட்டத்தின் தனித்தன்மை இருக்கிறது. ஐ.டி. அட் ஸ்கூல் தன் முதன்மைப் பயிற்றுநர்களை வெளியிலிருந்து அமர்த்தவில்லை. கணிதமும் இயற்பியலும் மொழியும் கற்பித்துவந்த பள்ளி ஆசிரியர்களே அப்பொறுப்புக்கு அழைக்கப்பட்டனர். ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியர் தகவல் தொழில்நுட்ப ஒருங்கிணைப்பாளராக நியமிக்கப்பட்டார். அவருக்குத் துணையாக மாணவரும் நியமிக்கப்பட்டனர். இயங்குதளத்தை நிறுவுதல், வட்டினைப் பிரித்தல், வலையமைத்தல் ஆகியவை ஆசிரியர் கைக்கு வந்தன. திட்டம் தனக்கென ஒரு லினக்ஸ் வழங்கலையே உருவாக்கிக்கொண்டது. முதலில் டெபியனையும் பின்னர் உபுண்டுவையும் அடிப்படையாகக் கொண்ட அவ்வழங்கலில் பாடநூலுக்குத் தேவையான செயலிகள் முன்னரே நிறுவப்பட்டிருந்தன. வடிவியலுக்கு ஜியோஜீப்ரா, படத் திருத்தத்துக்கு கிம்ப், நிரலாக்கத்துக்குப் பைத்தான் எனப் பிற பாடங்களோடும் கணினி இணைந்தது.

இதன் அரசியல் விளைவு கவனிக்கத்தக்கது. கேரளத்தில் 2011-இலும் 2016-இலும் ஆட்சி மாறியது. முந்தைய அரசின் திட்டங்களைக் கைவிடுவது இந்திய மாநிலங்களில் வழக்கம். ஆயினும் இரு முன்னணிகளும் பள்ளிகளில் லினக்ஸைத் தொடர்ந்தன. பல்லாயிரம் ஆசிரியர்களின் கைப்பழக்கமாகவும் பாடநூலின் உள்ளடக்கமாகவும் தேர்வின் ஒழுங்காகவும் ஆகிவிட்ட ஒன்றை ஓர் அரசாணையால் மாற்றுவது எளிதன்று. 2017-இல் இத்திட்டம் கைட் என்ற பெயரில் அரசு நிறுவனமாக மாற்றப்பட்டபோதும் அதன் மென்பொருள் கொள்கை மாறவில்லை.

5. மொழியின் கணக்கு

கட்டற்ற மென்பொருளால் கேரளம் பெற்ற பயன்களுள் அதிகம் பேசப்படாதது மலையாள எழுத்துக்கு நேர்ந்தது. இதற்கு 1971-க்குத் திரும்பிச் செல்ல வேண்டும். அவ்வாண்டில் கேரள அரசு மலையாள எழுத்தைச் சீர்திருத்தியது. தட்டச்சுப் பொறியின் குறைந்த விசைகளுக்குள் மலையாளத்தின் எண்ணற்ற கூட்டெழுத்துகளை அடக்க இயலவில்லை என்பதே காரணம். உகர, ஊகாரக் குறிகளும் ரகரக் குறியும் மெய்யெழுத்திலிருந்து பிரித்து எழுதப்பட்டன. பல கூட்டெழுத்துகள் சந்திரக்கலையிட்டுப் பிளக்கப்பட்டன. பழைய அச்சில் தொள்ளாயிரத்தை ஒட்டியிருந்த எழுத்து வடிவங்கள் தொண்ணூறளவுக்குச் சுருங்கின. இயந்திரத்தின் வரம்பு மொழியின் வரம்பாயிற்று. கையெழுத்தோ பெருமளவு பழைய முறையிலேயே தொடர்ந்ததால், பாடநூலில் ஒன்றும் கையெழுத்தில் மற்றொன்றுமாக இரு முறைகளும் கலந்து வழங்கின.

கணினி வந்தபோது இவ்வரம்புக்கு நியாயம் இல்லாமற்போயிற்று. ஆயினும் தொடக்ககால எழுத்துருக்கள் தட்டச்சுப் பொறியின் மரபையே பின்பற்றின. 1999-இல் ஆர்.சித்ரஜகுமார், கே.எச்.ஹுசைன் முதலியோர் முன்னின்ற ‘ரசனா’ இயக்கம், மூல எழுத்து முறையின் எல்லா வடிவங்களையும் கொண்ட எழுத்துருவை உருவாக்கியது. பின்னர் அது ஒருங்குறிக்கு மாற்றப்பட்டுக் கட்டற்ற உரிமத்தில் வெளியிடப்பட்டது. 2002-இல் பைஜு எம். தொடங்கிய சிறு முயற்சி ‘ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங்’ என்ற தன்னார்வக் குழுவாக வளர்ந்தது. சந்தோஷ் தோட்டிங்கல் முதலிய பொறியாளர்கள் அதில் இணைந்து, மலையாள எழுத்துகளைத் திரையில் சரிவரக் காட்டும் நிரல்களைத் திருத்தினர். இயங்குதளத்தின் கட்டளைகளை மலையாளத்தில் பெயர்த்தனர். ‘மீரா’ உள்ளிட்ட எழுத்துருக்களைப் பராமரித்தனர்.

மூல நிரல் மூடப்பட்டிருந்தால் இது நடந்திருக்காது. மலையாளக் கூட்டெழுத்து திரையில் உடைந்து தோன்றினால், வணிக மென்பொருளின் பயனர் நிறுவனத்துக்கு விண்ணப்பம் அனுப்பிக் காத்திருக்கலாம். மூன்றரைக் கோடிப் பேர் பேசும் மொழியின் பிழை, உலகச் சந்தையின் கணக்கில் எத்தனையாவது இடத்தில் நிற்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நிரல் திறந்திருந்ததால் அப்பிழையால் வருந்தியவரே அதைத் திருத்த முடிந்தது. 2019-இல் ‘ஜனயுகம்’ நாளிதழ் தன் பக்க வடிவமைப்பு முழுவதையும் ஸ்கிரைபஸ் முதலிய கட்டற்ற மென்பொருள்களுக்கு மாற்றிக்கொண்டபோது, இத்தன்னார்வ உழைப்பு பள்ளிக்கும் வெளியே பயன் தந்தது புலனாயிற்று.

ஆயினும் நிரலின் விடுதலை மட்டும் எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. மலையாளத்தின் சில்லெழுத்துகளைத் தனிக் குறியீடுகளாக ஏற்பதா என்ற விவாதத்தில், தனிக் குறியீடு இரட்டை எழுத்து முறைக்கும் குழப்பத்துக்கும் வழிவகுக்கும் என்று மேற்சொன்ன குழு எதிர்த்தது. எனினும் 2008-இல் வெளிவந்த ஒருங்குறி 5.1 அவற்றைத் தனியாகவே சேர்த்தது. நிரலை யாரும் மாற்றலாம். தரத்தை வகுக்கும் அவையில் இருக்கை பெறுவது வேறு வகை ஆற்றலைக் கோருகிறது. தமிழர்க்கு இது புதிய அனுபவமன்று. 1978-இல் அரசாணை வழி நிலைபெற்ற தமிழ் எழுத்துச் சீர்திருத்தமும் அச்சு, தட்டச்சு ஆகியவற்றின் எளிமையை ஒரு காரணமாகக் கொண்டது. தமிழில் அம்மாற்றம் சில எழுத்துகளோடு நின்றமையாலும், பெரியாரின் சமூகச் சீர்திருத்தத்தோடு இணைந்து ஏற்கப்பட்டமையாலும், மலையாளத்தில் எழுந்ததுபோன்ற மீட்பு இயக்கம் இங்கு வலுப்பெறவில்லை.

6. அண்டை மாநிலத்தின் வழி

தமிழ்நாட்டின் அனுபவத்தோடு ஒப்பிடும்போது கேரளத்தின் வழி தெளிவாகத் துலங்குகிறது. தமிழ்நாட்டில் 2006-07 காலத்தில் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸை முனைந்து ஏற்றது. மேல்நிலைக் கணினி அறிவியல் பாடநூல் பல ஆண்டுகள் ஸ்டார் ஆபிஸ் செயலியைக் கற்பித்தது. 2011 முதல் மாணவர்க்கு வழங்கப்பட்ட மடிக்கணினிகளில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டிருந்தது. முயற்சியோ பொருட்செலவோ குறைவு என்று கூற இயலாது.

வேறுபாடு எங்கே இருந்ததெனில், தமிழ்நாட்டில் தெரிவு பெரும்பாலும் கொள்முதல் நிலையில் நிகழ்ந்தது. கொள்முதல் முடிவு அதிகாரி மாறும்போதும் ஒப்பந்தம் முடியும்போதும் மாறக்கூடியது. கணினி அறிவியல் பாடமோ மேல்நிலையில் அப்பிரிவை எடுத்த மாணவர்க்கு மட்டும் உரியது. இரண்டு இயங்குதளங்களைக் கொண்ட மடிக்கணினியைப் பெற்ற மாணவர், இரண்டாவதைப் பற்றிச் சொல்லித்தர ஆசிரியரும் கேள்வி கேட்கத் தேர்வும் இல்லாத நிலையில், பழகிய ஒன்றையே திறப்பது இயல்பு. கருவியை மாணவர் கையில் சேர்ப்பதில் தமிழ்நாடு முந்தியது. அக்கருவியை ஆசிரியர் வழியாகக் கல்வியில் பிணைப்பதில் கேரளம் முந்தியது. இரண்டும் ஒன்று சேர்ந்திருக்குமாயின் என்ன விளைந்திருக்கும் என்பது கல்வி ஆய்வாளர் எண்ணிப் பார்க்கத் தக்கது.

7. மூவாயிரம் கோடியும் அதன் பின்னரும்

2019-இல் உபுண்டு 18.04-ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய வழங்கலைக் கைட் வெளியிட்டபோது, இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளில் அதை நிறுவுவதால் 3,000 கோடி ரூபாய் மிச்சமாகும் என்று அறிவிக்கப்பட்டது. செய்தித்தாள்கள் அத்தொகையையே தலைப்பாக்கின. கணக்கு எளிது: ஒரு கணினிக்கு உரிய வணிக மென்பொருள்களின் மதிப்பு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் ரூபாய், அதனை இரண்டு லட்சத்தால் பெருக்கினால் 3,000 கோடி.

இத்தொகையைச் சற்றே நிதானத்துடன் அணுக வேண்டும். கட்டற்ற மென்பொருள் இல்லாதிருந்தால் எந்த அரசும் ஒவ்வொரு பள்ளிக் கணினிக்கும் ஒன்றரை லட்சம் ரூபாய் மென்பொருள் வாங்கியிருக்காது. கல்விக்கான சலுகை உரிமங்களை நாடியிருக்கும். பல செயலிகள் இன்றியே சமாளித்திருக்கும். அதைவிட முக்கியமானது மற்றொன்று. சேமிப்பே காரணம் என்றால், ஒரு நிறுவனம் நாளை தன் மென்பொருளைப் பள்ளிகளுக்கு இலவசமாகவே அளிக்க முன்வரும்போது மறுப்பதற்குக் காரணம் இராது. 2003-இல் ஆசிரியர்கள் முன்வைத்த மூன்று வாதங்களுள் உரிமக் கட்டணம் ஒன்றன் பகுதி மட்டுமே. வெற்றிக்குப் பின் அப்பகுதியே முழுக் கதையாகிவிட்டது.

அந்த நாள் 2020-இல் வந்தது. பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, ஜூன் 1 அன்றே கேரளம் கைட் விக்டர்ஸ் தொலைக்காட்சி வழியாக ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகளைத் தொடங்கியது. பல மாநிலங்கள் திகைத்து நின்ற வேளையில் அது பெருஞ்சாதனை. ஆயின் ஆசிரியரும் மாணவரும் நேரடியாக உரையாடும் வகுப்புகளுக்கு வாட்ஸப்பும் கூகுள் மீட்டுமே பயன்பட்டன. 2021-இல் மாநிலப் பள்ளி மாணவர் அனைவருக்கும் கூகுளின் கல்விச் சேவைத் தளத்தில் கணக்குகள் வழங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. கட்டணம் இல்லை, தரவின் மீதான கட்டுப்பாடு கைட்டிடமே இருக்கும் என்ற உறுதியும் தரப்பட்டது. அவ்வாறாயினும் பதினைந்து ஆண்டுகளாக மூல நிரலின் முக்கியத்துவத்தைக் கற்பித்த பள்ளிகள், எவரும் காணவியலாத நிரலின் மீது தம் வகுப்பறையை அமைத்துக்கொண்டன.

இதனைத் துரோகம் என்று கூறிவிடுவது எளிது, நேர்மையாகாது. ஜிட்சி, பிக்புளூபட்டன், மூடுல் போன்ற கட்டற்ற மாற்றுகள் அப்போதும் இருந்தன. ஆயின் பல லட்சம் மாணவர் ஒரே வேளையில் இணையும் வகுப்புகளைத் தாங்க நிரல் மட்டும் போதாது. வழங்கிகளும் மின்சாரமும் அவற்றைப் பராமரிக்கும் பொறியாளரும் வேண்டும். கணினிக் கூடத்தின் லினக்ஸை ஓர் ஆசிரியரால் நிறுவ முடிந்தது. தரவு மையத்தை அவ்வாறு ஓர் ஊரில் நிறுவிக்கொள்ள இயலாது. மென்பொருள் வட்டில் வந்த காலத்தில் உருவான விடுதலைக் கருத்து, மென்பொருள் தொலைவிலிருந்து வாடகைச் சேவையாக வரும் காலத்தில் தன் பிடிமானத்தை இழக்கிறது. நான்கு உரிமைகளும் நிரலின் படி ஒன்று பயனரின் கையில் இருக்கிறது என்ற அடிப்படையில் எழுந்தவை.

2024 முதல் கேரளத்தின் ஏழாம் வகுப்புத் தகவல் தொழில்நுட்பப் பாடநூலில் செயற்கை நுண்ணறிவு இடம்பெற்றுள்ளது. ஆசிரியர்க்கும் அதில் பெருமளவில் பயிற்சி அளிக்கப்படுகிறது. மாணவர் கற்கவிருப்பது அத்தொழில்நுட்பத்தையா, அதை விற்கும் சில நிறுவனங்களின் சாளரங்களையா என்ற கேள்வி, இருபது ஆண்டுகளுக்கு முன் எழுந்த அதே சொற்களில் இன்றும் எழத்தக்கது. அன்று அதற்கு விடை கண்டவர்கள் கணினி வல்லுநர்கள் அல்லர். தாம் கற்பிப்பது எது, யாருக்காக என்று கேட்கும் பழக்கமுள்ள பள்ளி ஆசிரியர்கள் அவர்கள். அக்கேள்வியைக் கேட்க அவகாசமும், கேட்டபின் பாடநூலை மாற்றும் வலிமையும் இன்றைய ஆசிரியர்க்கு எந்த அளவு எஞ்சியுள்ளன என்பதைப் பொறுத்தே இவ்வரலாற்றின் அடுத்த பகுதி அமையும்.